செய்முறை நோட்டு இல்லாத ஊர்

திண்டுக்கல்லுக்கு வந்தால் எல்லாரும் கேட்பது குளிரைப் பற்றித்தான். "அங்க ஐஸ் கொட்டுமாமே, எப்படித்தான் இருக்கீங்க?" நாகல்நகர் மளிகைக்கடையில் ஆரம்பித்து மணிக்கூண்டுப் பக்கம் பூக்கட்டுகிற அக்கா வரைக்கும் அதே கேள்வி. பாதிப் பேருக்கு நான் இருப்பது சுவிட்சர்லாந்து. ஸ்வீடன் என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போதெல்லாம் "ஆமா, அந்தப் பக்கந்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.

உண்மையில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. ஸ்டாக்ஹோமில் ஜனவரியில் சில நாள் மைனஸ் பத்துக்கும் கீழே போகும். ஆனால் வீட்டுக்குள் எந்நேரமும் இருபது, இருபத்தொரு டிகிரி. ரயில், பஸ், ஆபீஸ், கடை எல்லாம் கதகதப்பு. மார்கழியில் கொடைக்கானல் லாட்ஜ் ஒன்றில் மூன்று போர்வைக்குள் நடுங்கிய நடுக்கம் எனக்கு ஸ்வீடனில் ஒருநாளும் வந்ததில்லை.

பழக நாளானது வேறொன்று. இந்த ஊரில் யாரும் யாருக்கும் கடன்பட்டு இருக்க விரும்புவதில்லை. பணக்கடனைச் சொல்லவில்லை, வங்கியில் வீட்டுக் கடன் இவர்களுக்கும் கழுத்துவரை உண்டு. நான் சொல்வது நம்ம ஊரில் வாசலுக்கு வாசல் ஓடிக்கொண்டே இருக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கலை.

அம்மா முதல்தடவை வந்திருந்தபோது நடந்தது இது. எங்கள் எதிர்வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். லிஃப்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதுதான் எங்களுக்குள் பழக்கம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "எதுத்த வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்த பேசாம என்னடி குடும்பம் நடத்துற?" என்றவர், குழிப்பணியாரம் சுட்டு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டிவிட்டார். பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாளே டப்பா திரும்பி வந்தது. பளபளவென்று கழுவித் துடைத்து, உள்ளே தன் கைப்பட எழுதிய ஒரு நன்றி அட்டை.

அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். அட்டையை எடுத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "வெறும் பாத்திரத்தையா திருப்பிக் குடுப்பாங்க? ஒரு கை சீனியாச்சும் போட்டுத் தரத் தெரியாதா?"

நம் பக்கம் பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது. நாம் கொடுத்தனுப்பிய சாம்பார் கிண்ணத்தில் இரண்டு முருங்கைக்காயாவது வந்து சேரும், அதற்கு நாம் இன்னொன்று அனுப்புவோம். கணக்கு முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் இருக்கும் சூட்சுமம். பாட்டிக்கோ கணக்கை அன்றைக்கே முடித்துவிடுவதுதான் மரியாதை. தானும் ஏதாவது போட்டுக் கொடுத்தால் இந்தப் பெண்களுக்கு மறுபடியும் ஏதாவது செய்யவேண்டிய கட்டாயம் வந்துவிடுமே என்று யோசித்திருப்பார். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அம்மாவின் கோபம் ஊருக்குத் திரும்பும்வரை இறங்கவில்லை.

கோபம் இறங்காததற்குக் காரணம் உண்டு. அவரிடம் ஒரு செய்முறை நோட்டு இருக்கிறது. அட்டை கிழிந்து, சணல் போட்டுக் கட்டி, பீரோவில் பத்திரத்தோடு பத்திரமாக இருக்கும். என் காதுகுத்திலிருந்து தம்பி கல்யாணம் வரை யார் எவ்வளவு செய்தார்கள், யார் பணமாக, யார் குத்துவிளக்காக, யார் வராமல் ஆள்மூலம் கொடுத்தனுப்பினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வத்தலக்குண்டுச் சின்ன மாமா அன்றைக்கு ஐந்நூறு எழுதியிருந்தால் அவர் பேத்தி சடங்குக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். நான் இங்கிருந்து ஜிபேயில் அனுப்புவேன்; மண்டபத்தில் அம்மா என் பெயரில் எழுதுவார். நான் ஊரில் இல்லாமல் இருக்கலாம், நோட்டில் இல்லாமல் இருக்கக் கூடாது.

இங்கே அந்த இடத்தில் ஸ்விஷ் இருக்கிறது. 2012 டிசம்பரில் வங்கிகள் சேர்ந்து கொண்டுவந்த செயலி. போன் நம்பர் இருந்தால் பணம் நொடியில் போய்விடும். ஆபீசில் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடப் போவோம். ஒருவர் கார்டில் கட்டுவார். நாற்காலியை விட்டு எழுவதற்குள் மற்றவர்கள் போனில் அவரவர் பங்கு வந்து நிற்கும். ஒருத்தி கூடுதலாக ஒரு காபி குடித்திருந்தால் அது அவள் பங்கில் மட்டும் ஏறியிருக்கும். யாருக்கும் கூச்சமில்லை. திண்டுக்கல்லில் பிரியாணிக்கடை கல்லாவுக்கு முன்னால் "மாப்ள, நீங்க சும்மா இருங்க, நான் குடுக்குறேன்" என்று சட்டைப்பையைப் பிடித்து இழுக்கும் மல்லுக்கட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு முதலில் இது கஞ்சத்தனமாகப் பட்டது. ஆறு மாதத்தில் பிடித்துப்போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யார் போன தடவை கொடுத்தார்கள் என்று மண்டைக்குள் ஒரு நோட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை பாருங்கள், அதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

2022 மே மாதம் இணையத்தில் ஒரு கூத்து நடந்தது, சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஸ்வீடனில் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போன பிள்ளையை, சாப்பாட்டு நேரம் வந்ததும் அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் போய்ச் சாப்பிட்டு வருவார்களாம். உலகமே காறித் துப்பியது. என் கூட வேலை பார்ப்பவர்களில் நாற்பது தாண்டியவர்கள் பலர் "ஆமாம், எங்கள் சின்ன வயதில் அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் உலை வைத்திருப்பார்கள், அவர்கள் சமைத்தது வீணாகக் கூடாது. அடுத்தவர் பிள்ளைக்குச் சோறு போட்டு அந்தக் குடும்பத்தைக் கடன்பட வைக்கவும் கூடாது என்பது அவர்கள் சொன்ன நியாயம். இப்போது அப்படி இல்லை, என் மகள் போகிற வீடுகளில் சாப்பாடு போடுகிறார்கள். ஆனால் முன்கூட்டி எனக்குச் செய்தி வந்துவிடும்: இன்றைக்கு இது சமைக்கிறோம், உங்கள் மகள் சாப்பிடலாமா? பிள்ளைக்குச் சோறு போட எதற்கு மனு என்று அம்மா கேட்பார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கே இருக்கிறது. ஹென்ரிக் பெர்கிரென், லார்ஸ் டிரேகோர்டு என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் 2006-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான்: ஸ்வீடன்காரர் அப்பாவை நம்பி, புருஷனை நம்பி, பிள்ளையை நம்பி, முதலாளியை நம்பி இருக்க வேண்டியதில்லாதபடி அரசாங்கம் குறுக்கே வந்து நிற்கிறது. யாரையும் நம்பியிராத இரண்டு பேருக்கு இடையில்தான் கலப்படமில்லாத அன்பு இருக்க முடியும் என்பது இவர்கள் எண்ணம். அதனால்தான் 1971 முதல் கணவன் மனைவிக்குத் தனித்தனி வருமான வரி. கல்லூரிப் பிள்ளைக்கு அரசு தரும் உதவித்தொகைக்கும் கடனுக்கும் அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. பிள்ளை பிறந்தால் பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு. அதில் தொண்ணூறு தொண்ணூறு நாள் ஆளுக்கு ஒதுக்கியது, ஒருவருடையதை மற்றவர் எடுக்க முடியாது. என் கணவர் மாதக்கணக்கில் வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார் என்பதை மாமியார் இன்றுவரை நத்தம் சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை. "லீவுல இருக்கான்" என்று முடித்துவிடுவார்.

வயதானவர்கள் கதையும் இதே கணக்குதான். எதிர்வீட்டுப் பாட்டிக்கு நகராட்சியிலிருந்து ஆள் வந்து குளிக்க உதவிவிட்டு, மருந்தைச் சரிபார்த்துவிட்டுப் போவார்கள். "பிள்ளைங்க இல்லையா அவங்களுக்கு?" என்றார் அம்மா. இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் இதே ஊரில். ஞாயிற்றுக்கிழமை வந்து காபி குடித்துவிட்டுப் போவார். நம் நாட்டில் 2007-இல் சட்டமே போட்டோம், பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும், தவறினால் தீர்ப்பாயம் என்று. இங்கே பிள்ளைகளுக்குச் சட்டப்படி அந்தக் கடமை கிடையாது. பாட்டி ஒருதரம் என்னிடம் சொன்னார்: "என் மகன் என்னைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறான். என்னைக் குளிப்பாட்ட வந்தால் எப்போதடா கிளம்பலாம் என்றிருக்கும்." இதை அம்மாவிடம் மொழிபெயர்த்தேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் சரியாத்தான் படுது. ஆனா எனக்கு வேணாம்" என்றார். எனக்கும் எது வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

அரசாங்கம் எல்லாவற்றுக்கும் வந்து நிற்க வேண்டுமென்றால் அதற்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். 1947-இல் நமக்குச் சுதந்திரம் வந்தது, இவர்களுக்கு ஆளுக்கு ஒரு எண் வந்தது. இன்றைக்கு அது பிறந்த தேதியும் கூட நான்கு இலக்கமும். அது கிடைக்கும்வரை நீங்கள் ஆளே இல்லை. வங்கிக் கணக்கு, போன் இணைப்பு, ஜிம்மில் சேர்வது வரை எல்லாம் நொண்டும். கிடைத்த அன்றைக்குக் கதவெல்லாம் தன்னால் திறக்கும். நம்ம ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் "அங்க நமக்குத் தெரிஞ்சவர் யாராச்சும் இருக்காரா?" என்பதுதான் முதல் கேள்வி. இங்கே யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். சிபாரிசு இல்லாமல், ஒரு ஆபீசிலும் கைகட்டி நிற்காமல், யாருக்கும் காபி வாங்கிக் கொடுக்காமல் ஒரு பெண்ணால் இந்த ஊரில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள முடிகிறது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதே மூச்சில் இன்னொன்று. இங்கே யாரும் உங்களை எதுவும் கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா, ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திட்டீங்க, எதுவும் கிடையாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எல்லாம் திறந்தே கிடக்கிறது! 1766-இல் போட்ட பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்திலிருந்து அரசாங்கத் தாள்கள் பொதுச்சொத்து. உங்கள் பெயரைத் தட்டினால் வயது, முகவரி, கூட யார் குடியிருக்கிறார்கள் என்பது இணையத்தில் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் வரிக்குரிய வருமானத்தை வரி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம். முகத்துக்கு நேரே கேட்பதுதான் அநாகரிகம், பதிவேட்டில் பார்ப்பது உரிமை. நம்ம ஊரில் பதிவேட்டை வாங்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அலைய வேண்டும். முகத்துக்கு நேரே கேட்பதற்கு ரயிலில் எதிர்சீட்டில் உட்கார்ந்தாலே போதும்.

கேட்காமல் இருப்பதன் அருமை சாதி விஷயத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. "திண்டுக்கல்ல எங்க?" என்று ஊரில் ஒருவர் கேட்டால் அவருக்கு முகவரி தேவைப்படவில்லை. தெருவைச் சொன்னால் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, குலசாமி கோயில் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். ஸ்வீடன்காரருக்கு இப்படிக் கேட்கவே தெரியாது. ஆனால் நம்மவர்கள் கப்பலேறியும் விடவில்லை. ஒரு பொங்கல் விழாவில், வெளியே மைனஸ் ஏழு, கையில் வெண்பொங்கல் தட்டோடு ஒருவர் விசாரிக்கிறார்: "திண்டுக்கல்னா... மலைக்கோட்டைப் பக்கமா, நாகல்நகரா, இல்ல அவுட்டர்ல கிராமமா?" ரயில்வே ஸ்டேஷன் பக்கம் என்று சொல்லிவிட்டு வடை எடுக்கப் போய்விட்டேன். எல்லாத் தெருவிலிருந்தும் ஸ்டேஷனுக்கு வழி இருக்கிறது.

பூட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டில் அஸ்ஸா என்று பொறித்திருக்கும். ஆகஸ்ட் ஸ்டென்மன் என்பவர் 1881-இல் எஸ்கில்ஸ்டூனா என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி. 1994-இல் பின்லாந்தின் அப்லோயோடு சேர்ந்தது, 2000-இல் யேலை வாங்கியது. இன்றைக்கு உலகத்திலேயே பெரிய பூட்டுக் கம்பெனி அதுதான். எஸ்கில்ஸ்டூனா ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். பதினேழாம் நூற்றாண்டில் கொல்லர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பட்டறைகளை ஊர் நடுவில் அப்படியே வைத்திருக்கிறார்கள். சிவப்பு மரவீடுகள், தாழ்ந்த கூரை. அங்கே நின்றபோது எனக்கு யாகப்பன்பட்டி, நல்லாம்பட்டிப் பட்டறைகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து பித்தளைத் தகட்டை அரத்தால் ராவி ராவி, லீவரை ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரு மாங்காய்ப் பூட்டை முடிப்பார். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. சாவி போட்டால் மணியடிக்கிற பூட்டெல்லாம் உண்டு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுத்தபோது அதைச் செய்யத் தெரிந்த கைகள் எவ்வளவோ குறைந்துவிட்டன; அலிகாரிலிருந்து மலிவாக வந்து இறங்கிய மெஷின் பூட்டு அதற்கு முன்பே சந்தையைப் பிடித்துவிட்டது. கைத்திறமையில் எஸ்கில்ஸ்டூனா கொல்லருக்கு நம்மவர் இளைத்தவர் இல்லை. அந்தக் கைக்குப் பின்னால் மெஷினும் முதலும் வந்து நின்றதா என்பதில்தான் வித்தியாசம்.

சாவி விஷயத்தில் மட்டும் திண்டுக்கல் கட்சிதான் நான். ஊரில் வீட்டைப் பூட்டினால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கும். கேஸ் வந்தாலும், பால் வந்தாலும், ஊரிலிருந்து பெரியப்பா திடீரென்று வந்து நின்றாலும் அக்கா பார்த்துக்கொள்வார். இங்கே வாசலில் ரகசிய எண், கதவில் உலகத்தரப் பூட்டு, சாவியை மறந்து கதவைச் சாத்திக்கொண்டால் பூட்டுக்காரருக்குத் தண்டம் அழ வேண்டும். போன வருஷம் பாட்டிக்கு இடுப்பு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் தயங்கித் தயங்கி என்னிடம் சாவியைக் கொடுத்தார், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி. திரும்பி வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு ஸ்விஷ் பண்ணட்டும்?" நான் சிரித்துவிட்டேன். வேண்டாம் என்றதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. மறுநாள் ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்தார். அம்மாவிடம் போனில் சொன்னேன். "இப்பதான் பழகுறா" என்றார் அம்மா. சாக்லேட் பெட்டி காலியானதும் அதில் முறுக்கு போட்டுக் கொடுக்கச் சொல்லி உத்தரவு.

அடுக்குமாடியில் எல்லாருக்கும் பொதுவாக அடித்தளத்தில் ஒரு துணி துவைக்கும் அறை உண்டு. முறை போட்டு, நேரம் பதிந்து துவைக்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால், வடிகட்டியில் பஞ்சு எடுக்காமல் போனால், சுவரில் சீட்டு ஒட்டியிருக்கும். கையெழுத்து இருக்காது, ஆச்சரியக்குறி நிறைய இருக்கும். லிஃப்டில் தலையசைத்து மௌனமாய்ப் போகிற ஜனம் தன் ஆத்திரத்தையெல்லாம் அந்தச் சீட்டில்தான் கொட்டுகிறது. ஆத்தூர் காமராசர் அணையில் தண்ணீர் வற்றின வருஷங்களில் எங்கள் தெருக் குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த சண்டை எத்தனையோ மேல். சாயங்காலத்துக்குள் ராசியாகிவிடுவார்கள்.

டிசம்பர் இருட்டு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்று மணிக்கு முன்னமே பொழுது சாய்ந்துவிடும், வைட்டமின் டி மாத்திரை போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த இருட்டில் ஒரு நல்லது உண்டு. நவம்பர் கடைசியிலிருந்து வீட்டுக்கு வீடு சன்னலில் விளக்கு வைக்கிறார்கள், திரையை மூடாமல், தெருவில் போகிறவர்களுக்காக. டிசம்பர் 13 லூசியா. விடிவதற்கு முன் வெள்ளை உடுத்திய பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையாகப் பாடிவருவார்கள். நம் கணக்குக்கு அது கார்த்திகை மாசக் கடைசி. முதல் வருஷம் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்த கையோடு வீட்டுக்கு வந்து நானும் சன்னலில் அகல் ஏற்றினேன். அது ஒன்றைத்தான் யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

கோடையில் காட்டுக்குப் போவோம். ஸ்வீடனில் யாருடைய நிலத்திலும், வீட்டை ஒட்டிப் போகாமல், விளைந்த வயலை மிதிக்காமல் இருந்தால், நடக்கலாம், ஒரு இரவு கூடாரம் போடலாம், காட்டுப்பழம், காளான் பறிக்கலாம். அந்த உரிமை 1994 முதல் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. சிறுமலையில் கேட்டுக்கு கேட்டு "தனியார் எஸ்டேட், உள்ளே வராதே" பலகை பார்த்தே வளர்ந்த எனக்கு, அடுத்தவர் காட்டில் பழம் பறிக்கையில் முதலில் திருட்டுமுழி. ஆனால் இதையும் ரொம்பப் புகழ வேண்டாம். கடையில் விற்கிற பழத்தைப் பறிக்கத் தாய்லாந்திலிருந்து ஏழை விவசாயிகளைக் கூட்டிவந்து, கூலியில் ஏமாற்றி வழக்கு வரைக்கும் போன கதைகளும் இதே காட்டில்தான் நடந்தன.

நிலம் என்றதும் நம் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நினைவு வரும். நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்து, காந்திய வழியில் வந்து, 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு தஞ்சைச் சீமைக்குப் போய் அங்கே தங்கி, கூலிப் பெண்கள் பெயரில் நிலத்தை எழுதி வாங்கிக் கொடுத்தவர். அவருக்கும் கணவர் ஜெகந்நாதனுக்கும் 2008-இல் ஸ்டாக்ஹோமில் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். மாற்று நோபல் என்பார்கள், நோபல்காரர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆபீசில் என்னை எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு மதுரைக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த அம்மாவின் ஊர்ப்பக்கம் என்கிறேன். வயதானவர்கள் ஒன்றிரண்டு பேருக்குத் தெரிகிறது.

ஒட்டன்சத்திரம் அத்தை மகன் ஆகஸ்டில் இங்கே முதுகலை படிக்க வருகிறான். என்னென்ன எடுத்து வரட்டும் அக்கா என்று கேட்டிருந்தான். தம்பி, சீரகச்சம்பா இங்கேயே ஈழத்துக்காரர் கடையில் கிடைக்கும், ஏலக்காய் கிலோக்கணக்கில் கிடைக்கும், இவர்கள் பன்னிலேயே அதைப் போட்டுத்தான் தின்கிறார்கள். மூட்டை கட்டாதே. நல்ல சாம்பார்ப் பொடியும், ஒரு ஜோடி வீட்டுச் செருப்பும் போதும். செருப்பை வாசலில் கழற்றுவது இங்கேயும் வழக்கம்தான். அரசாங்கம் தரும் அந்த எண் கையில் வந்த அன்றைக்கே வீட்டு வரிசையில் பெயரைப் பதிந்துவிடு. ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்குச் சராசரியாக ஒன்பது வருஷம் ஆகிறது. அதுவரைக்கும் எங்கள் ஹால் சோபா இருக்கிறது. வாடகை ஸ்விஷ் பண்ணுகிறேன் என்று மட்டும் பேச்செடுத்துவிடாதே, உன் அம்மா என் கல்யாணத்துக்கு என்ன செய்தார்கள் என்று எங்கள் நோட்டில் இருக்கிறது.